சுடலைமாடன் பார்த்த செனை

ஆட்டைத் தொட்டுப் பார்க்காமலே அது செனையா இல்லையா என்று சொல்லிவிடுகிற ஆள் என்று சுடலைமாடனுக்கு விளாத்திகுளம் வட்டாரத்தில் பெரிய பேர். சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர்கள் முதலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். அவர் ஆட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். "மூணு மாசம். ரெட்டைக்குட்டி" என்பார். அதற்கு மேல் அங்கே யாருக்கும் பேச்சு இல்லை. நாற்பது வருஷத்தில் அவர் சொல்லி ஒரு ஆடு தப்பியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊரைவிட அவரே அதை அதிகமாகச் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் தன் மருமகளையும் அதே மாதிரி பார்த்துத் தொலைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மருமகள் பேர் வள்ளிமயில். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவரின் மகள். சுடலைமாடன் மகன் இசக்கிமுருகனைக் கட்டிக்கொண்டு உடைகுளத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இசக்கிமுருகன் குளத்தூர்ப் பக்கம் உப்பு லாரி ஓட்டுகிறான். வீட்டில் ஆடும் உண்டு, மானாவாரிக் காடும் உண்டு. மிளகாய், பருத்தி, கம்பு என்று மழைக்குத் தக்கபடி போடுவார்கள். வள்ளிமயிலும் காட்டுவேலைக்குப் போவாள்.

வந்த முதல் வருஷத்திலேயே அவளுக்கு உடம்பு ஏற ஆரம்பித்தது. கல்யாணச் சாப்பாடு சேர்ந்திருக்கு என்றார்கள். அடுத்த வருஷமும் ஏறியது. அப்போது வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள். காட்டில் பாடுபடுகிற உடம்பில் சதை தங்காது என்பது உடைகுளத்துக்காரர்கள் கட்சி. தங்கினால் ஒன்று அவள் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள், இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் தின்கிறாள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொழுதுக்கும் குனிந்து மிளகாய்ப்பழம் எடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவளைப் பார்த்து, "சோத்தைக் கொஞ்சம் குறைட்டி" என்பாள் மாமியார் ஆவுடைத்தாய். அவள் கெட்டவள் இல்லை. வாய்தான் அப்படி. பேருதான் மயிலு என்று தெருவில் ஒரு சிரிப்பு உண்டு. அதை வள்ளிமயில் காதில் விழுகிற மாதிரிதான் சிரிப்பார்கள்.

அவளும் சோற்றைக் குறைத்துப் பார்த்தாள். ராத்திரி பட்டினி கிடந்தாள். அப்புறம் பகலிலும் கிடந்தாள். ஒருநாள் மிளகாய்க் காட்டிலேயே கண்ணை இருட்டிக்கொண்டு வந்து விழுந்தாள். அவ்வளவுக்கும் உடம்பு ஒரு இம்மி இறங்கவில்லை. நாடியிலும் உதட்டுக்கு மேலும் ஆம்பளை மாதிரி முடி வளர்ந்தது. மாதவிலக்கு மூன்று மாசத்துக்கு ஒருதரம், நாலு மாசத்துக்கு ஒருதரம் என்று இஷ்டத்துக்கு வந்தது. பஸ்ஸில் ஒரு அண்ணாச்சி எழுந்து, "பிள்ளைத்தாய்ச்சி, நீ உக்காரும்மா" என்று இடம் கொடுத்தார். அன்றைக்கு அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு விளாத்திகுளம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரமே கோவில்பட்டிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிசிஓடி என்றார் அவர். உடம்பில் ஹார்மோன் தாறுமாறாக இருக்கிறது, அதனால்தான் எடை ஏறுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, நீங்கள் சோம்பேறி என்பதால் இல்லை என்றார். பட்டினி கிடக்கவே கூடாது. வெள்ளைச்சோற்றையும் இனிப்பையும் குறைத்துக் கம்பு, பயறு, முட்டை என்று வயிறாரச் சாப்பிட வேண்டும். தினம் வேகமாக நடக்க வேண்டும், கைகால் பலப்படுகிற மாதிரி பயிற்சி செய்ய வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. "மெதுவாத்தான் இறங்கும். முகம், கை எல்லாம் முதல்ல இறங்கும். வயிறு கடைசியில. மனசு விட்ராதீங்க" என்றார்.

வள்ளிமயில் மனசு விடவில்லை. ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினாள். விடிந்தும் விடியாததுமாகச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரை மேல் கடைசி மடை வரைக்கும் விறுவிறுவென்று போய்த் திரும்புவாள். கரிசல் காட்டில் மழை பெய்தால் சேறு ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி கனக்கும். அன்றைக்கும் போவாள். தொழுவுக்குள் நின்று இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து உக்கி போடுவாள். "ஏட்டி, என்ன தப்புப் பண்ணுன, வாத்தியார் உக்கி போடச் சொல்லிட்டாராக்கும்" என்று பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பாள். காடு கரையில் நடக்காத நடையா, இதற்கென்று தனியாக ஒரு நடையா என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் நடையை நிறுத்தவில்லை. களத்தில் மிளகாய் வத்தல் மூட்டை எடை போடுகிற மிஷினில், வியாபாரி டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து ஏறி நின்றுகொள்வாள். ரொம்ப நாள் அந்த எண் அசையவே இல்லை. அப்புறம் கொஞ்சம் அசைந்தது. ஒரு வருஷத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் இறங்கியது.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே முகம் இறங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் வளையல் லொடலொடவென்று ஆடியது. வயிறு மட்டும் நான் பிறகு வருகிறேன் என்று நின்றுகொண்டது. மாதவிலக்கும் இடையில் ஒழுங்காகி, மறுபடி மூன்று மாசமாக நின்றுபோயிருந்தது. டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பொறுங்கள், வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தை மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. சுடலைமாடன் நாலு பேரோடு வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வள்ளிமயில் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்து இறக்கிவிட்டு, அடுத்ததைத் தூக்கத் திரும்பினாள். சுடலைமாடனுடைய தாடை அசைவது நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"ஏத்தா வள்ளி, மூட்டையைத் தூக்காத. கீழ வையி" என்றார். அப்புறம் வத்தல் கிண்டிக்கொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்து, "ஏட்டி ஆவுடை, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? முகம் சுண்டிட்டு, தோளு வத்திட்டு, வயிறு மட்டும் நிக்கி. பிள்ளை முழுகாம இருக்குட்டி. மூணு மாசத்துக்குக் குறையாது" என்றார்.

வள்ளிமயிலுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அப்படியெல்லாம் இல்ல மாமா. நடந்துதான் மெலிஞ்சிருக்கேன். டாக்டர் சொன்னதுதான்" என்றாள்.

"உனக்கு என்னத்தா தெரியும்? முத ஈத்துல ஆட்டுக்கே தெரியாது" என்றார் சுடலைமாடன்.

களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஆட்டுக்கு அந்தக் கணக்குச் சரிதான். முதுகு வற்றி வயிறு நின்றால் அது செனைதான். ஆனால் எந்த ஆடும் விடியக்காலம் ஷூ போட்டுக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்ததில்லை. அதைச் சுடலைமாடன் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கே அவர் காளியம்மன் கோயில் வாசலில் நின்று, பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு கிடா என்று நேர்ந்துகொண்டார். ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் காலையில் வள்ளிமயில் ஷூவைத் தேடினால் காணோம். மாத்திரை டப்பாவையும் காணோம்.

"அதெல்லாம் பிள்ளைக்கு ஆகாது. தூரப் போட்டுட்டேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

"அத்தே, பிள்ளையே இல்லன்னு சொல்லுதேன்."

"வாயைக் கழுவு. நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுத?"

வள்ளிமயில் புருஷனிடம் சொல்லி மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கி வரச் சொன்னாள். ஒரு கோடுதான் விழுந்தது. இசக்கிமுருகன் கையிலேயே கொடுத்துக் காட்டினாள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டாவது கோடு எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. "கார்டு பழசா இருக்கும்" என்றான் கடைசியில். "அப்பா சொல்லி தப்புனதில்ல. கொஞ்ச நாளு பொறுத்துப் பாப்பமே."

அந்த ஆள் ஆசைப்பட்டான், அதுதான் விஷயம். மூன்று வருஷமாக அவனையும் ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசைப்படட்டும், அது தப்பில்லை. ஆனால் கையில் இருந்த கார்டை நம்பாமல் அப்பன் கண்ணை நம்பினானே, அது வள்ளிமயிலுக்கு ஆறவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டால் முடிந்துபோகும் என்று அவள் கோவில்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். சுடலைமாடன் டிவிஎஸ்-50இல் பின்னாலேயே வந்து பஸ்ஸை மறித்து நின்றார். பஸ் குலுக்கினால் கரு தங்காது, கொடை கழியட்டும், காரில் போகலாம் என்றார். டிரைவர், கண்டக்டர், பஸ்ஸில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் அவருக்குத்தான் பரிந்து பேசினார்கள். இறங்கி வீட்டுக்குப் போம்மா என்று அவளுக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

அதன்பிறகு ஒரு மாசம் வீட்டில் நடந்ததெல்லாம் பாசம்தான். அடி உதை என்றால் போலீசுக்குப் போகலாம். பாசத்துக்கு எங்கே போவது? மூன்று வேளையும் நெய் ஊற்றிச் சோறு. பனங்கற்கண்டு போட்டு ஆட்டுப்பால். சுடலைமாடன் தன் கையால் எலும்பு வாங்கி வந்து சூப்பு வைக்கச் சொன்னார். காலையில் அவள் வாசலைத் தாண்டினால், "எங்கன போற?" என்று நாலு வீட்டிலிருந்து குரல் வரும். வெறுங்காலோடு கண்மாய்க்கரை ஏறிய அன்றைக்கு, காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்கள். களத்து மிஷினில் ஏறிப் பார்த்தாள். இறக்கியதில் மூன்று கிலோ திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. சேற்றில் நடந்து, வாயைக் கட்டி இறக்கிய கிலோ. அவளுக்கு அந்த மிஷினை உதைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

கனம் தூக்காத வேலை என்பதால் பழம் எடுக்க மட்டும் அவளை விட்டார்கள். சொர்ணத்தாய்தான் ஒருநாள் காட்டில் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"உண்மையைச் சொல்லு வள்ளி. நிசமாவே இல்லையா?"

"இல்லக்கா."

சொர்ணத்தாய் மடியில் இருந்த பழத்தைக் கூடையில் கொட்டினாள். "அப்ப நாளைக்கு உனக்குத் தூரம் வந்துச்சுன்னா என்ன சொல்லுவாக தெரியுமா? இல்லாம இருந்துச்சுன்னு சொல்ல மாட்டாக. இருந்து போச்சும்பாக. நீ நடந்து நடந்து கலைச்சிட்டம்பாக" என்றாள்.

வள்ளிமயிலுக்குக் கை நின்றுவிட்டது. அவள் அதுவரைக்கும், வயிறு பெருக்காதபோது தானாகத் தெரிந்துவிடும், அப்போது எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. சுடலைமாடன் கண் தப்பாது என்றால், தப்பு செய்தது அவள் காலாகத்தானே இருக்க முடியும். அந்தப் பழி ஒருதரம் விழுந்துவிட்டால் இந்த ஊரில் அவள் கண்மாய்க்கரையை மறந்துவிட வேண்டியதுதான். உடம்பு ஏறும், மூச்சு வாங்கும், அவள் அம்மாவுக்கு வந்த மாதிரி நாற்பதுக்குள் சர்க்கரை வரும். தின்னுட்டுத் தூங்குகிறாள் என்ற பேச்சும் கூடவே திரும்பி வரும்.

சொர்ணத்தாய் சொன்னதுதான் நடந்தது. மாசிக் கடைசியில் ஒரு காலையில் வள்ளிமயிலுக்கு மாதவிலக்கு வந்தது. வயிறு சுருட்டிப் பிடித்து வலித்தது. ஆனால் அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒரு வருஷம் பட்ட பாடு வீண் போகவில்லை, உடம்பு தன் வழிக்குத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டே கொல்லையில் துணி அலசினாள். அதை ஆவுடைத்தாய் பார்த்துவிட்டாள்.

பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "போச்சே, என் குலத்துக்கொழுந்து போச்சே" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. வந்தவர்கள் எல்லாரும் வள்ளிமயிலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இல்லாத பிள்ளைக்கு மூக்கு இப்படி இருந்திருக்கும், நிறம் இப்படி இருந்திருக்கும் என்று பேசினார்கள். அந்த நடை நடந்தா எப்படித் தங்கும், குடத்தைத் தூக்கிக்கிட்டு உக்கி போட்டாளே, மாத்திரை வேற முழுங்குனாளே என்றும் அவர்களே பேசிக்கொண்டார்கள். வள்ளிமயில் இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று அதற்கும் அழுதார்கள்.

சுடலைமாடன் அழவில்லை. இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் ஆட்டுக்கிடையிலேயே கிடந்தார். அப்புறம் டீக்கடையில் ஒருத்தர் மெதுவாக விசாரித்தபோது, "நான் பாத்தது சரியாத்தான் பாத்தேன். காப்பாத்தத் தெரியல" என்றார். அவருக்கு உண்மையிலேயே துக்கம்தான். பேரப்பிள்ளை என்று ஒன்று இருந்ததாகவே அந்த மனிதர் நம்பினார். ஆனால் அந்தத் துக்கத்திலும் தன் கண்ணுக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் வள்ளிமயிலால் பொறுக்க முடியவில்லை.

பங்குனியில் கொடைக்குக் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரி போட்ட வீட்டில் சாயங்காலமானால் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். கலைந்த உடம்பு, கும்மிக்குப் போகக் கூடாது என்று வள்ளிமயிலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். போன வருஷக் கொடையில் அவளால் இரண்டு சுற்றுக்கு மேல் ஆட முடியவில்லை. நெஞ்சு அடைத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். இந்த வருஷம் கடைசிச் சுற்று வரைக்கும் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. வீட்டுக்குள் இருந்துகொண்டு கைத்தட்டலைக் கேட்டபோது அவள் காலெல்லாம் பரபரத்தது.

முளைப்பாரி எடுக்கிற அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் புதுச்சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கட்டிக்கோ. கோயிலுக்குப் போவோம். மாமா பூசாரிகிட்டச் சொல்லி வச்சிருக்காக. ஆத்தா முன்னால விழுந்து கும்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லிட்டா தோசம் கழிஞ்சிரும். அடுத்தது தங்கும்" என்றாள்.

"என்ன வார்த்தை அத்தே?"

"தெரியாமச் செஞ்சிட்டேன், பொறுத்துக்கோ தாயி. இனிம அந்த நடை நடக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! வள்ளிமயில் ஒன்றும் பேசாமல் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆவுடைத்தாய்க்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பிள்ளை பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். முளைப்பாரியைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். கும்மி கொட்டுகிற பெண்கள் வட்டமாக நின்றார்கள். பாட்டுச் சொல்கிற சொர்ணத்தாய் முன்னால் நின்றாள். சுடலைமாடன் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பூசாரி பக்கத்தில் இருந்தார். இசக்கிமுருகன் தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேளக்காரர்களுக்குப் பூசாரி கையைக் காட்டினார். சத்தம் அடங்கியது.

"வாத்தா. விழுந்து கும்பிட்டு, ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத் திருநீறு வாங்கிக்கோ" என்றார் சுடலைமாடன். குரல் கனிவாகத்தான் இருந்தது.

வள்ளிமயில் அம்மனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். விழவில்லை. திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா."

"என்னத்தா?"

"இல்லாத பிள்ளைக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல, ஒண்ணும் கலையவும் இல்ல. நாலு மாசமா வராம இருந்த தூரம் வந்துச்சு. நான் நடந்து, வாயைக் கட்டி, மருந்து தின்னு அதை வரவச்சேன். எங்க வீட்டுல அதுக்கு எழவு விழுந்த மாதிரி அழுதாக."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆவுடைத்தாய் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஏட்டி, ஆம்பளையாளுக நிக்காக. என்ன பேச்சு இது?"

"ஆம்பளையாளுக இருக்கும்போதுதான அத்தே, களத்துல வச்சு முழுகாம இருக்கேன்னு சொன்னாக. இதையும் அவிய கேட்டுக்கிடட்டும்."

சுடலைமாடன் முகம் கறுத்துவிட்டது. நாலு ஊர் ஆட்டுக்காரர்கள் அங்கே நின்றார்கள். "நாப்பது வருசமா பாக்கேன்த்தா. என் கண்ணுக்கு ஒரு ஆடு தப்புனதில்ல" என்றார்.

"ஆடு தப்பல மாமா. உங்களைக் குறை சொல்லல. ஆட்டுக்கு வாய் கிடையாது, நீங்க பாத்துத்தான் சொல்லணும். எனக்கு வாய் இருக்கு. உனக்கு என்ன செய்யுதுன்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா? நானா வந்து சொன்னப்பவும் கேக்கல. மாத்திரையையும் ஷூவையும் தூரப் போட்டாக, பஸ்ஸை மறிச்சீங்க. எல்லாரும் என் வயித்தைத்தான் பாத்தீங்க. ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாத்துப் பேசல."

மேளக்காரர் ஒருத்தர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பிள்ளை பெத்தாலும் பெறுவேன், பெறாமலும் போவேன். அது என் கையில இல்ல. நடக்கிறது என் கையில இருக்கு. எனக்கு மூச்சு முட்டாம இருக்கணும், சர்க்கரை வராம இருக்கணும், இந்த உடம்பை நானே தூக்கிச் சுமக்கணும். அதுக்குத்தான் நடக்கேன். பிள்ளை வந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டு நடப்பேன். வராட்டாலும் நடப்பேன். ஆத்தா முன்னால சத்தியம் பண்ணச் சொன்னீங்கல்ல, இதுதான் என் சத்தியம்."

இசக்கிமுருகன் தொண்டையைச் செருமினான். "கார்டுல ஒரு கோடுதாம்ப்பா இருந்துச்சு" என்றான் தட்டைப் பார்த்தபடியே. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு இரண்டு மாசம் ஆகியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று வள்ளிமயில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதை வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மாமியார் பிடித்திருந்த கையை மெதுவாக விலக்கிக்கொண்டு கும்மி வட்டத்தைப் பார்த்து நடந்தாள். சேலை முந்தியை இழுத்து இடுப்பில் செருகினாள். வயிறு தெரிந்தது. தெரியட்டும் என்று இருந்தாள். வட்டத்தில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். இடம் விடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொர்ணத்தாய் யாரையும் கேட்கவில்லை. தனக்குப் பக்கத்தில் நின்றவளை இடித்துத் தள்ளிவிட்டு, "இங்கன வந்து நில்லு வள்ளி" என்றாள்.

வள்ளிமயில் போய் நின்றாள். பின்னாலிருந்து சுடலைமாடன் குரல் வந்தது.

"ஏத்தா."

திரும்பினாள். அவர் நின்ற இடத்தை விட்டு நாலு எட்டு முன்னால் வந்திருந்தார். துண்டு தோளிலிருந்து சரிந்து கிடந்தது. அதை எடுத்துப் போடக்கூடத் தோன்றாமல் நின்றார். இந்த முறை அவர் அவள் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துச் சொல்லியே பழகிய மனிதருக்குக் கேட்பது அத்தனை சுலபமாக வரவில்லை.

"உனக்கு என்னத்தா செய்யுது?" என்றார்.

ஊரே அவள் வாயைப் பார்த்தது. வள்ளிமயிலுக்குக் கண் கலங்கியது. ஆனால் அதற்காக அவள் இறங்கிக் கொடுக்கவில்லை.

"அது பெரிய கதை மாமா. விடியக்காலம் கண்மாய்க்கரைக்கு வாங்க. கடைசி மடை வரைக்கும் கூட நடந்தீங்கன்னா முழுசாச் சொல்லுதேன்" என்றாள். "இப்ப முடியாது. இப்ப எனக்குக் கும்மி இருக்கு."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சொர்ணத்தாய் பாட்டு எடுப்பதற்கும் காத்திருக்கவில்லை. முதல் கைத்தட்டை அவளே தட்டினாள்.